உடம்புக்குப் பேர் வைத்தவர்கள்

பெல்விஸ் என்றால் பேசின். கை கால் கழுவ வைத்திருக்கிற அகலப் பாத்திரம். இடுப்பெலும்பு பார்க்க அப்படி இருக்கிறது என்று லத்தீனில் அதற்கு அந்தப் பேர். பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. அதுதான் முழங்கால் சில்லு. அசிடாபுலம் என்றால் காடி ஊற்றி வைக்கிற கிண்ணம். தொடையெலும்பின் தலை போய் உட்கார்கிற குழிக்கு அந்தப் பேர். டிபியா என்றால் புல்லாங்குழல். கிளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. காக்சிக்ஸ் என்றால் குயில். வால் எலும்பு அதன் அலகு மாதிரி வளைந்திருக்கிறதாம். மசில் என்ற சொல்லின் மூலத்துக்குச் சுண்டெலி என்று பொருள். கையை மடக்கி இறுக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி தெரிகிறதல்லவா, அதைப் பார்த்து வைத்த பேர்.

மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்கிற நம் பிள்ளைகளை முதலில் மிரட்டுவது இந்தச் சொற்கள்தான். தமிழ் வழியில் படித்து, இட ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, ‘கோட்டா’ என்ற ஏளனத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வகுப்பில் உட்கார்கிற பிள்ளைக்கு, அசிடாபுலம் என்கிற சத்தமே ‘இது உனக்கான இடமில்லை’ என்று கேட்கும். அது அடுப்பங்கரைக் கிண்ணம்தான் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சொன்னால் மிரட்டுவதற்கு என்ன மிஞ்சும்?

நன்னூல் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு மூன்று வகை என்று தெரிந்திருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி பேசிக்கொள்வது குழூஉக்குறி; பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்களாம். பேர் என்பது பொருளைச் சுட்டுவதற்கு மட்டுமில்லை, மறைப்பதற்கும் பூசி மெழுகுவதற்கும் ஆளை வெளியே நிறுத்துவதற்கும் ஆகும் என்பதை நம் இலக்கணக்காரர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பின் பேர்களில் இந்த மூன்று வேலையும் நடந்திருக்கிறது. யார் செய்தது, யார் மேல் செய்தது என்பதுதான் கேள்வி.

*

குழூஉக்குறியில் இருந்தே தொடங்கலாம்.

உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பது நம் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். செத்த மாட்டை உரித்துக் கூறு போடுகிற இடத்தில் நின்று பார்த்த பிள்ளை அது. எந்த மூட்டில் கத்தி வைத்தால் கழலும், பித்தப்பையைக் கிழிக்காமல் ஈரலை எப்படி எடுப்பது, குடலை எப்படித் திருப்பி அலசுவது, சவ்வு எது, நரம்பு எது என்பதெல்லாம் கைக்கே தெரிந்த படிப்பு. அதற்கான சொற்களும் உண்டு. பாடப்புத்தகம் மண்ணீரல் என்பதைக் கறிக்கடை சுவரொட்டி என்கிறது. சிறுநீரகம் என்று எழுதுவது கறிக்கடையில் குண்டிக்காய். இந்தச் சொற்கள் பாடப்புத்தகத்தில் ஏறவில்லை. 1872இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்று நூலைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்று செய்தே காட்டிய பெரிய மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூலின் பேர் ‘மனுஷ அங்காதிபாதம்’. லத்தீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமஸ்கிருதம் உட்கார்ந்தது. கறிக்கடைத் தமிழ் வாசலிலேயே நின்றது.

இன்னொரு பக்கம், அறிவுக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் உடம்பை எப்படிப் பார்த்தார்கள்? ரிக்வேதத்தின் புருஷ சூக்தமும் ஒரு உடற்கூற்றுப் பாடம்தான். வாய் பார்ப்பனன், தோள் அரசன், தொடை வைசியன், கால் சூத்திரன். அதோடு உடம்பு முடிந்துவிட்டது. பஞ்சமனுக்கு அந்த உடம்பில் ஒரு நகக்கண் கூடக் கிடையாது. உறுப்பே இல்லாத ஜனம் நாம். சுசுருத சம்ஹிதை பிணத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் எப்படி? கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறப்போட்டு, பிறகு வேராலும் மூங்கிலாலும் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு அடுக்காகப் பார்க்க வேண்டும். அவ்வளவு செய்த மருத்துவனுக்கும் மதிப்பு இல்லை. மருத்துவன் தருகிற சோற்றை மனு சீழோடு ஒப்பிடுகிறான். உடம்பைத் தொடுகிறவனைத் தீட்டாக்கிய சமூகத்தில் உடம்பைப் பற்றிய அறிவு எப்படி வளரும் என்று தேவிபிரசாத் சட்டோபாத்யாயா விரிவாக எழுதியிருக்கிறார்.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தார். இந்தியாவில் நவீன மருத்துவம் பிறந்த நாள் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். மேல்சாதிக்காரர் ஒருவர் பிணத்தைத் தொட்டது சரித்திரம் ஆனது. தலைமுறை தலைமுறையாகப் பிணம் தொட்டவர்களுக்கு என்ன பேர்? வங்காளத்தில் பிணவறையில் வேலை செய்கிறவரை இன்றைக்கும் ‘டோம்’ என்கிறார்கள். டோம் என்பது அங்கே சுடுகாட்டு வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட தலித் சாதியின் பேர். சாதிப்பேரே உத்தியோகப் பேர். 2021இல் கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆறு பிணவறை வேலைக்குச் சுமார் 8000 பேர் விண்ணப்பித்தார்கள், பொறியியல் படித்தவர்கள் உட்பட. பத்திரிகைகள் அதை ‘டோம் வேலை’ என்றே எழுதின. ஒருவருக்கு நினைவு நாள், இன்னொருவருக்குச் சாதிப்பேர். தொட்டது ஒரே பிணத்தைத்தான்.

இதற்கு நடுவில் ஒரு சொல் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. காதுக்குள் அதிர்கிற சவ்வுக்கு லத்தீனில் டிம்பானம், அதாவது மேளம். தமிழில் செவிப்பறை. வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். அந்த வேதத்தை ஓதியவன் காதிலும் உள்ளே இருந்து அடித்தது பறைதான்.

*

அடுத்தது இடக்கரடக்கல்.

பெண்ணின் வெளிப் பிறப்புறுப்புக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்த பேர் புடெண்டம். வெட்கப்பட வேண்டியது என்று பொருள். முதலில் இருபாலாருக்கும் சொன்ன சொல்தான். நாளாவட்டத்தில் ஆணுக்கு அது உதிர்ந்துபோய்ப் பெண்ணிடம் மட்டும் தங்கிவிட்டது. சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியலின் இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தபோதுதான் அந்த உறுப்பின் பேராக அது நீக்கப்பட்டது. அந்தப் பக்கம் ஓடுகிற நரம்புக்கு மட்டும் இன்னும் அதே பேர்தான், வெட்க நரம்பு. வஜைனா என்றால் கத்தி உறை. உறைக்குச் சொந்தமாக ஒரு வேலை இல்லை; கத்திக்காக இருப்பது. பேர் வைத்தவன் எந்தப் பக்கம் நின்று பார்த்தான் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஹிஸ்டீரியா என்பது கருப்பைக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. பெண் அழுதால், கத்தினால், மறுத்தால் கருப்பைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் இருந்து அந்தப் பேர் போக 1980 வரை ஆனது.

வெள்ளைக்காரன் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மாதவிலக்கு என்கிறோம். விலக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிராமத்தில் இன்னும் நேராகச் சொல்வார்கள்: ‘வீட்டுக்குத் தூரம்’, ‘தூரமாயிட்டா’. ரத்தத்துக்குப் பேர் வைக்கவில்லை. அவளை எத்தனை அடி தள்ளி நிறுத்துவது என்பதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். தூரம் என்ற இந்தச் சொல் நமக்குப் புதுசா? அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாதத்தில் மூன்று நாள் தூரம். நமக்கு வருஷம் முழுக்க. நம் பெண்களுக்கு இரண்டு தூரமும் சேர்த்து.

பிள்ளை பிறந்ததும் வெளியே வருகிற கொடியைப் பாருங்கள். பிளசெண்டா என்றால் லத்தீனில் தட்டையான அடை. 1559இல் இத்தாலிய உடற்கூற்றாளர் ரியால்டோ கொலம்போ வைத்த பேர். தமிழில் நஞ்சுக்கொடி. சொல்லின் வேர் எதுவாகவும் இருக்கட்டும், காதில் விழுவது விஷம்தான். வயிற்றுப் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்பு அது. அந்தக் கொடியை அறுத்து, நஞ்சைப் புதைத்து, ரத்தத் துணியை அலசியது யார்? தமிழ்நாட்டில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி. வடக்கே பல ஊர்களில் சமார் பெண்கள். கொடி அறுப்பது தீட்டு வேலை என்று அவர்களிடம் தள்ளப்பட்டது. மேடைக்கு மேடை ‘தொப்புள்கொடி உறவு’ என்று முழங்குகிறார்கள். அந்தக் கொடியை அறுத்த கை திண்ணையில் ஏற முடியாத கை என்பதை ஒரு மேடையிலும் சொல்லக் காணோம்.

இதெல்லாம் சொல் விளையாட்டு இல்லை. பெண்ணுறுப்புக்குத் தமிழில் ஊரறிந்த சொல் எது? தெருச் சண்டையில் முதலில் வாயில் வருகிற வசவு. அதை விட்டால் லத்தீன். நடுவில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் பெரியம்மா, அத்தை என்ன சொல்லி மருத்துவரிடம் காட்டுவாள்? ‘அடிவயித்துல வலி’, ‘கீழ ஒரு மாதிரியா இருக்கு’ என்பாள். வயிற்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய பிறகு வந்து சேர்கிற பெண்களிடம் ‘இவ்வளவு நாள் ஏன் வரலை?’ என்று கேட்கிறார்கள். வராததற்கு வறுமை, தூரம், வேலை என்று பல காரணம். சொல்லிக் காட்ட ஒரு சொல் இல்லாததும் அதில் ஒன்று.

*

சில உறுப்புகளுக்குச் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். கருக்குழாய்க்குப் பேர் ஃபலோப்பியன். காப்ரியேலே ஃபலோப்பியோ என்ற இத்தாலியர் 1561இல் எழுதியதால் வந்தது. அந்தக் காலத்தில் பெண்ணின் இன்ப உறுப்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்று கொலம்போ ஒரு பக்கமும் ஃபலோப்பியோ ஒரு பக்கமும் உரிமை கொண்டாடினார்கள். தன் உடம்பில் இருப்பது பெண்களுக்குத் தெரியாமலா இருந்தது என்று அவர்களைக் கேட்க ஆள் இல்லை.

பெண்களைப் பரிசோதிக்கிற கருவி ஒன்றுக்கு சிம்ஸ் ஸ்பெகுலம் என்று பேர். படுக்க வைக்கிற ஒரு முறைக்கு சிம்ஸ் நிலை என்று பேர். ஜே. மரியன் சிம்ஸ், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மருத்துவர். பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகும் பெண்களுக்கான அறுவையை அவர் கண்டுபிடித்தது 1845 முதல் 1849 வரை. கற்றுக்கொண்டது கறுப்பின அடிமைப் பெண்களின் உடம்பில். மயக்க மருந்து இல்லாமல். மூன்று பேரின் பேர் மட்டும் நமக்குத் தெரியும்: அனார்ச்சா, பெட்சி, லூசி. அனார்ச்சாவை மட்டும் முப்பது தடவை அறுத்தார். சம்மதம் யாரிடம் கேட்டார்? எஜமானர்களிடம். 2018இல் நியூயார்க் பூங்காவில் இருந்த சிம்ஸ் சிலையை எடுத்தார்கள். கருவியின் பேர் அப்படியே இருக்கிறது.

ஏழைக் கறுப்பினப் பெண்ணின் பேர் அறிவியலில் ஏறியதும் உண்டு. 1951இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்பவரின் கருப்பை வாய்ப் புற்றுக் கட்டியில் இருந்து, அவரைக் கேட்காமலே, திசு எடுத்தார்கள். அந்தச் செல்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகின. உலகம் முழுக்கப் போயின. அவற்றுக்கு வைத்த பேர் ஹீலா. பேரில் இரண்டெழுத்து, கணவன் வழிப் பேரில் இரண்டெழுத்து. அந்தப் பெண் யார் என்று கேட்டபோது வெளியே உலவிய பேர் ஹெலன் லேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. முதலில் பேரை வெட்டினார்கள், பிறகு பொய்யாக்கினார்கள்.

உடற்கூற்றுப் படிப்பே யாருடைய உடம்பில் கட்டியது? இங்கிலாந்தில் முன்பு கொலைக் குற்றவாளிகளின் பிணத்தைத்தான் அறுக்கக் கொடுத்தார்கள். அது தண்டனையின் ஒரு பகுதி. 1832இல் வந்த உடற்கூற்றுச் சட்டம், ஏழை விடுதிகளில் செத்து யாரும் கேட்டு வராத பிணங்களைக் கொடுத்தது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது ஏழைக்கு விதியாயிற்று. 1949 பம்பாய் உடற்கூற்றுச் சட்டம் முதலாக இங்கே வந்த சட்டங்களிலும் ‘உரிமை கோரப்படாத உடல்’ என்பதுதான் கணக்கு. நம் ஊரில் அதற்கு அநாதைப் பிணம் என்று பேர். பிளாட்பாரத்தில் செத்தவன், பிழைக்கப் போன இடத்தில் செத்த கூலிக்காரன், விலாசம் இல்லாதவன். வாழ்நாளெல்லாம் உன்னுடையது என்று எதையும் ஒத்துக்கொள்ளாத சமூகம், செத்த பிறகு உடம்பையும் யாருடையதும் இல்லை என்கிறது.

*

இப்போது மங்கலத்துக்கு வருவோம். சிக்கலான கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்தப் பேர்களை என்ன செய்வது? மாற்ற வேண்டுமா?

மங்கலத்துக்கு இலக்கணத்தில் காட்டுகிற உதாரணம் சுடுகாட்டை நன்காடு என்பது. நன்காடு என்று சொன்ன பிறகும் அங்கே பிணம் எரித்தவன் அவனேதான். அவன் கூலியும் ஏறவில்லை. 1930களில் காந்தி ‘ஹரிஜன்’ என்ற பேரைக் கொண்டுவந்தார். கடவுளின் பிள்ளைகள். நன்காடு மாதிரி ஒரு மங்கலம். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அந்தப் பேர் ஏறியபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். எங்களுக்கு என்ன பேர் என்பதை எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்பதே பிரச்சினை. தலித் என்பதில் மங்கலம் எதுவும் இல்லை. நொறுக்கப்பட்டவன் என்று பொருள். ஆனால் அது நாமே எடுத்துக்கொண்டது.

ஆகவே என் முதல் நிலைப்பாடு: பேரைச் சுமக்கிறவர் யாரோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், பிறவியிலேயே ஒருவகை மனவளர்ச்சிக் குறை உள்ள குழந்தைகளை மங்கோலியர் என்று வகைப்படுத்தினார். வெள்ளைக்காரனுக்குக் குறையோடு பிள்ளை பிறந்தால் அது கீழான இனத்தின் சாயல் என்கிற கணக்கு. நூறு வருஷம் அந்தப் பேர் ஓடியது. 1961இல் மரபியல் அறிஞர்கள் சிலர் அதை விடச் சொல்லி லான்செட் இதழுக்கு எழுதினார்கள். 1965இல் மங்கோலிய நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டது. பேர் போயிற்று. போக வேண்டியதுதான்.

இதே அளவுகோலால் கடினமான ஒன்றையும் அளந்து பார்ப்போம். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873இல் கண்டவர் நார்வேயின் ஆர்மவர் ஹான்சன். அவர் ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் அவள் சம்மதம் இல்லாமல் நோய்த் திசுவைச் செலுத்திச் சோதித்தார். 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியில் இருந்து நீக்கியது. அப்படிப்பட்டவரின் பேரை வைத்து ‘ஹான்சன் நோய்’ என்று சொல்லுங்கள் என்று போராடியது யார் தெரியுமா? அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்த நோயாளிகள். ஸ்டான்லி ஸ்டெயின் என்ற நோயாளி ‘தி ஸ்டார்’ என்று ஒரு பத்திரிகையே நடத்தினார். பழைய பேர் அவர்கள் மேல் விழுந்த கல்லாக இருந்தது. அதனால் வேறு பேர் கேட்டார்கள். ஹான்சன் யோக்கியமா என்று நான் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லி அந்தப் பேரைப் பறிக்க முடியாது. அது அவர்கள் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெண்ணின் வழக்கையும் சேர்த்தே பாடம் நடத்த வேண்டும்.

இதுதான் இரண்டாவது: மரியாதையைப் பறிக்கலாம், கணக்கை அழிக்கக் கூடாது. ஹான்ஸ் ரைட்டர் என்ற ஜெர்மன் மருத்துவரின் பேரில் ஒரு மூட்டு நோய் இருந்தது. ஆள் நாஜி. புகென்வால்ட் முகாமில் கைதிகள் மேல் நடந்த டைஃபஸ் தடுப்பூசிச் சோதனைகளில் பங்குள்ளவர். 1942இல் அமெரிக்காவில் அந்தப் பேரை முன்மொழிந்த இருவரில் ஒருவரான எஃப்ரைம் எங்கிள்மன், 2007இல், 65 வருஷம் கழித்து, மற்றவர்களோடு சேர்ந்து அதைத் திரும்பப் பெற்றார். சரியான காரியம். ஆனால் இனி வரும் மாணவர், நோய்க்கு வேறு பேரை மட்டும் படித்துவிட்டுப் போனால், அந்த முகாமில் செத்தவர்கள் இரண்டாம் தடவை காணாமல் போவார்கள். பேர் போகட்டும், ஏன் போயிற்று என்பது புத்தகத்தில் நிற்கட்டும்.

‘தோழர், சோத்துக்கே வழியில்லை, சொல்லுக்கு என்ன சண்டை?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பேர் மாறினால் சாதி போகாது. அதை ஹரிஜன் காலத்திலேயே பார்த்துவிட்டோம். ஆனால் சித்த வைத்தியராக இருந்து நாடி பிடித்த அயோத்திதாசர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கி, வாரா வாரம் சொற்களின் வேரை ஏன் தோண்டிக்கொண்டிருந்தார்? அவர் சொன்ன வேர்களில் பலவற்றை இன்றைய மொழியியலாளர் ஏற்க மாட்டார்கள். இருக்கட்டும். இழிவு முதலில் சொல்லாகத்தான் வாய்க்குள் போகிறது, பிறகு இயற்கை மாதிரி ஆகிவிடுகிறது என்பதை அவர் கண்டிருந்தார். வலியைச் சொல்லச் சொல் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தலைகுனிந்து நிற்கிற பெண்ணுக்கு, சொல்லும் சோறு மாதிரிதான்.

மூன்றாவது, செய்ய வேண்டிய வேலை. நம் ஊர்களில் பிரசவம் பார்த்த பாட்டிமார் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். வலி எத்தனை வகை, நீர் உடைவது, தலை திரும்புவது, கொடி சுற்றுவது, நஞ்சு தங்குவது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது. கூச்சம் இல்லாத சொல், வசவும் இல்லாத சொல். மாடு உரித்த தாத்தாக்களிடமும் இருக்கிறது. மருத்துவம், செவிலியர் படிப்புப் படிக்கிற நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும், சொன்னவர் சம்மதித்தால் அவர் பேரையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தடவையாவது, சொல்லுக்குப் பக்கத்தில் சொன்னவர் பேரும் இருக்கட்டும்.